அறுதொழிலில் ஆறாவது

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பகவான் மகாவீரர் அவதரித்த இந்நன்னாளில் ‘கல்வி’ பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். கல்வியின் பெருமையைப் பேசுவது எளிது. தமிழாசிரியனுக்கு அது மனப்பாடம். ஆனால் இன்று இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோர் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது கல்வியின் பெருமையன்று. ‘அடுத்து என்ன சேர்ப்பது?’ என்னும் கேள்விதான். நம் வீடுகளில் அக்கேள்வி ‘எந்த குரூப்?’ என்று சுருங்கிவிட்டது. முதல் குரூப்பா, இரண்டாவதா, கணக்குப்பதிவியலா என்பதற்குள் நம் பிள்ளைகளின் எதிர்காலம் முழுவதும் அடங்கிவிடுவதாக நாம் எண்ணுகிறோம். அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. மேல்நிலை வகுப்புக்குத்தான் எல்லாரும் போக வேண்டுமா என்பது அது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தொடக்கத்தை ஆதிபகவனிடமிருந்தே எடுத்துக்கொள்வோம். கற்பக மரங்கள் கேட்டதைத் தந்த போகபூமிக் காலம் முடிந்து, கருமபூமிக் காலம் தொடங்கிய வேளையில், பசித்த மக்கள் நாபிராசரிடம் சென்றனர். அவர் தம் மைந்தராகிய விருஷப தேவரிடம் அனுப்பினார். பிழைக்கும் வழி கேட்டு வந்தவர்களுக்கு விருஷப தேவர் முதலில் துறவை உபதேசிக்கவில்லை. ஆறு தொழில்களைக் கற்பித்தார். அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்பன அவை. வாள், எழுத்து, உழவு, கலைகள், வணிகம், கைத்தொழில் என்று தமிழில் சொல்லலாம். ஜினசேனாசாரியரின் ஆதிபுராணமும் அதன்வழி வந்த நம் ஸ்ரீபுராணமும் இச்செய்தியைச் சொல்கின்றன. திருக்குறளில் வரும் ‘அறுதொழிலோர்’ என்னும் சொல்லுக்கும் நம்மவர் பலர் இவ்வாறு தொழிலையே பொருளாகக் கொள்வர்; பரிமேலழகர் வேறு பொருள் கொள்வார். அவ்வழக்கை இன்று தொட வேண்டாம்.

நான் சுட்ட விரும்புவது ஆறாவது தொழிலை. சிற்பம் என்றதும் கல்லில் உருவம் செதுக்குதல் என்றே நினைக்கிறோம். நூலில் அச்சொல் கைத்திறன் அனைத்தையும் தழுவி நிற்கிறது. மரத்தை அறுப்பவன், உலோகத்தை உருக்குபவன், நெய்பவன், வீடு கட்டுபவன் எல்லாரும் அதனுள் அடங்குவர். வாளைக் கற்பித்த அதே வாயால் உளியையும் கற்பித்தார் பகவான். எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று அவர் வரிசைப்படுத்தியதாகத் தெரியவில்லை.

நாம் வரிசைப்படுத்திவிட்டோம். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் பரவி வாழும் நம் சமுதாயம் ஏரைப் போற்றியது, எழுத்தாணியைப் போற்றியது. உழவர் குடியிலிருந்து ஆசிரியர்களும் அலுவலர்களும் ஆயிரக்கணக்கில் எழுந்தார்கள். அவர்களுள் யானும் ஒருவன். இதில் பெருமைப்பட வேண்டியவை பல உண்டு. ஆயினும் ஆறாவது தொழில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியதன்று என்னும் எண்ணம் எப்படியோ உள்ளே புகுந்து, திண்ணையில் உட்கார்ந்துகொண்டது.

சில ஆண்டுகளுக்கு முன் உழவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மகன் பத்தாம் வகுப்பில் தேறிவிட்டான், மதிப்பெண் நடுத்தரம். ஆனால் ஊரில் யார் வீட்டு மோட்டார் பம்பு நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஐடிஐ-யில் சேர்க்கலாமே என்றேன். “சார், நம்ம வீட்டுப் பிள்ளை போய் ஸ்பானர் பிடிக்கிறதா? சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?” என்றார். “நீங்கள் நாளெல்லாம் மண்வெட்டி பிடிக்கிறீர்களே ஐயா, அதற்கு யார் என்ன சொன்னார்கள்?” என்று கேட்டேன். சிரித்தார், ஆனால் ஒப்பவில்லை. பையனைக் கணிதம் இல்லாத ஒரு பிரிவில் சேர்த்தார். அவன் பட்டம் பெற்றான். பட்டத்திற்கும் அவன் பார்க்கும் வேலைக்கும் இன்று எவ்விதத் தொடர்பும் இல்லை. பம்பு பழுதானால் இன்றும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். கூலி வாங்கக் கூச்சப்படுகிறான். அந்தத் தந்தை பிள்ளைமேல் அன்பு இல்லாதவர் அல்லர். ஐடிஐ என்றால் அத்தோடு படிப்பு முடிந்தது என்று அவர் நம்பியிருந்தார். நம்மில் பெரும்பாலோர் அவ்வாறே நம்புகிறோம். ஆகவே கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பத்தாம் வகுப்பு முடித்த மாணவன் பிளஸ் ஒன், பிளஸ் டூ என இரண்டாண்டு படித்து, நான்காண்டுப் பொறியியல் பட்டம் பெற்றால், மொத்தம் ஆறு ஆண்டுகள். அதே மாணவன் பத்தாம் வகுப்புக்குப் பின் நேரே பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு முடித்து, அதன்பின் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து மூன்றாண்டு படித்தால், அதுவும் ஆறு ஆண்டுகளே. ஓர் ஆண்டும் குறையவில்லை, கூடவில்லை. இடையில் ஒரு பட்டயம் கையில் இருக்கிறது. குடும்பத்தில் ஏதேனும் இடர் நேர்ந்து படிப்பை நிறுத்த வேண்டி வந்தால், முதல் வழியில் வந்தவன் கையில் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் மட்டும் இருக்கும். இரண்டாம் வழியில் வந்தவன் கையில் வேலைக்கு உரிய தகுதி இருக்கும்.

இப்போது ஐடிஐ வழியைப் பாருங்கள். இரண்டாண்டுத் தொழிற்பிரிவு ஒன்றில் தேறியவன், பொருத்தமான பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், அங்கே இரண்டாண்டு. பின்னர்ப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம், அங்கே மூன்றாண்டு. கூட்டினால் ஏழு ஆண்டுகள். ‘படிப்பு முடிந்துவிட்டது’ என்று நாம் எண்ணிய வழிக்கும், ஊரே பாராட்டும் வழிக்கும் இடையே உள்ள தொலைவு ஓராண்டுதான். அந்த ஓராண்டுக்கு ஈடாக மூன்று சான்றிதழ்களும், எந்திரத்தைத் தொட்டுப் பழகிய கைகளும் கிடைக்கின்றன. எல்லாரும் ஏழாண்டும் படிக்க வேண்டும் என்பதில்லை. எந்தப் படியில் நின்றாலும் நிற்க இடம் உண்டு என்பதே இவ்வழியின் சிறப்பு.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர், மேல்நிலை மொழிப்பாடத் தேர்வுகளை எழுதித் தேறினால், பிளஸ் டூ-வுக்கு இணையான சான்றினைப் பெறத் தமிழக அரசு வழி செய்துள்ளது. ‘பிளஸ் டூ இல்லையே’ என்னும் குறையும் அதனால் தீர்கிறது. தமிழும் ஆங்கிலமும் அவனைக் கைவிடக் கூடாது என்பதால், அந்தப் பாடத்தைச் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே நிறையவே இருக்கிறோம்.

இத்தகைய பிரிவுகள் நேற்று முளைத்தவை அல்ல. 1952-53-இல் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, மாணவர்களை ஏட்டுக்கல்வி ஒன்றிலேயே அடைக்காமல் தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, மனையியல் உள்ளிட்ட ஏழு பிரிவுகளை வைக்கும் பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் உடன் தொடங்கியது. பல பள்ளிகளில் அது ‘வேறு எதிலும் இடம் கிடைக்காதவர்க்கு’ என்றாகிவிட்டது. அக்குறை பாடத்திட்டத்தினுடையதன்று, அதை நோக்கிய நம் பார்வையினுடையது. இன்றும் அப்பிரிவில் படித்தவர்க்குப் பொறியியல் சேர்க்கையில் தனி ஒதுக்கீடு உண்டு.

ஐடிஐ-க்குள் என்ன நடக்கிறது என்பதை நம்மில் பலர் எட்டிப் பார்த்ததே இல்லை. பணி ஓய்வுக்குப் பின் என் பழைய மாணவன் ஒருவன் பயிற்றுநராக இருக்கும் அரசு நிலையம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஃபிட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பட்டறையில் வரிசையாக நின்று, வைஸில் பிடித்த இரும்புத் துண்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தனர். வாரக்கணக்கில் அதே வேலை. ராவி முடித்ததும் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்திற்கு எதிரே தூக்கிப் பிடிக்கிறார்கள். இரும்புக்கும் மட்டத்துக்கும் இடையே ஒளிக்கீற்று தெரிந்தால் மீண்டும் ராவ வேண்டும். யான் திருத்திய விடைத்தாள்களில் பாதி சரியாக எழுதியவனுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்தேன். அந்தப் பட்டறையில் பாதிச் சரி என்று ஒன்று இல்லை. நற்காட்சி, நன்ஞானம் ஆகிய இரண்டோடு நில்லாமல் நல்லொழுக்கத்தையும் சேர்த்து மும்மணி என்கிறோம் அல்லவா? அறிந்ததைச் செய்துகாட்டும் பயிற்சி என்ற அளவில் அப்பிள்ளைகள் நம்மினும் ஒருபடி முன்னே நிற்பதாகவே எனக்குத் தோன்றிற்று.

ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீசியன், குளிர்பதனப் பணி, கட்டடப் படவரைவாளர் ஆகியவை இரண்டாண்டுப் பிரிவுகள். வெல்டர், கணினி இயக்குபவர் போன்றவை ஓராண்டு. ஏழாண்டுக் கணக்கில் சொன்ன நேரடிச் சேர்க்கை இரண்டாண்டுப் பிரிவுக்குத்தான் பொருந்தும் என்பதை மறவாதீர்கள். அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. மிதிவண்டி, பாடநூல், சீருடை, பேருந்துச் சலுகை ஆகியனவும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவராயின் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் ஆயிரம் ரூபாயும் கிடைக்கும். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோர்க்கும் அவை பொருந்தும். 71 அரசு நிலையங்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு இணைந்து புதுக்காலத் தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்தப்பட்டுள்ளன. ரோபோவும் கணினி வழி இயங்கும் எந்திரங்களும் அங்கே பயிற்சிக்கு உள்ளன. பழைய கரிப்பட்டறையை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய நிலையத்தை எடைபோடுவது பொருந்தாது.

ஐடிஐ முடித்த கையோடு தொழிற்பழகுநராகச் சேர்வது நன்று. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, தொழிற்சாலையில் உதவித்தொகை பெற்றுக்கொண்டே பயிலலாம். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, நெய்வேலி நிலக்கரி நிறுவனம், திருச்சி பெல் ஆகியவை பழகுநர்களைச் சேர்க்கின்றன. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்குப் பத்தாம் வகுப்போடு ஐடிஐ தகுதி கேட்கிறார்கள். இஸ்ரோவில் டெக்னீஷியன் பணிக்கும் அதுவே தகுதி. ராக்கெட் விண்ணில் ஏறும்போது தொலைக்காட்சி முன் கைதட்டும் நாம், அதன் உறுப்புகளைப் பொருத்திய கைகளுள் ஐடிஐ படித்த கைகளும் உண்டு என்பதை நினைப்பதில்லை.

ஏமாற்றங்களையும் சொல்லத்தான் வேண்டும். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் பலகை மாட்டி, ஆறே மாதத்தில் ‘டிப்ளமோ’ தருவதாகச் சொல்லும் இடங்கள் உண்டு. அங்கே தரப்படும் தாள் எந்தத் தேர்வுக்கும் செல்லாது. அரசின் தொழிற்பயிற்சி ஏற்பு, அந்த நிலையத்துக்கு மட்டுமன்றி, உங்கள் பிள்ளை சேரும் அந்தத் தொழிற்பிரிவுக்கும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மற்றொன்று கணிதம். பட்டயத்திலிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டுக்குச் செல்பவர் பலர் கணிதத்தில்தான் தடுமாறுகின்றனர். முதலாண்டுக் கணிதத்தை அவர்கள் பயிலாமல் தாண்டி வந்தவர்கள். படிப்பில் விருப்பம் அறவே இல்லாதவனுக்கு ஐடிஐ புகலிடம் என்று எண்ணி அனுப்பாதீர்கள். அளவீடும் வரைபடமும் அங்கே நாள்தோறும் வரும். மருத்துவம், சட்டம், ஆராய்ச்சி ஆகியவற்றில் உண்மையான நாட்டம் உடைய பிள்ளையை இவ்வழிக்கு இழுக்கவும் கூடாது. அவனுக்கு மேல்நிலை வகுப்பே வழி.

இனி, நமக்கே உரிய ஒரு வினா. எந்திரத் தொழிலில் இம்சை இல்லையா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இல்லறத்தார்க்கு இம்சையை நான்காகப் பிரித்துக் காட்டினர் நம் ஆசாரியர்கள். எண்ணிச் செய்வது சங்கல்பி. சமையல் முதலிய வீட்டுப் பணியில் நேர்வது ஆரம்பி. பிழைப்புக்கான தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை அறவே விடுக என்றனர். மற்றவற்றில் விழிப்போடு இருந்து குறைக்குமாறு கூறினர். உழவிலும் புழு பூச்சி மடிகிறது. அதை அறிந்தும் விருஷப தேவர் உழவைக் கற்பித்தார். இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய கொடுந்தொழில்கள் பதினைந்து என ஒழுக்க நூல்கள் தனியே எண்ணுகின்றன. கரி சுடுதல், காடு அழித்தல், தந்தம், அரக்கு, நஞ்சு ஆகியவற்றின் வணிகம் முதலியன அவற்றுள் அடங்கும். வண்டித் தொழிலும் அதில் இடம்பெறுகிறது. நுகத்தடியில் வருந்தும் மாட்டை முன்னிட்டே அது விலக்கப்பட்டது என்று கொள்கிறேன். அம்மாட்டை விடுவித்த எஞ்சினைப் பழுதுபார்ப்பவனை அப்பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தோல் தொழில்நுட்பம் நமக்கு ஆகாது. ஆரணியில் வாழ்வோர்க்குப் பட்டின் கதை சொல்லாமலே தெரியும். நெசவுத் தொழில்நுட்பம் பயில விரும்பும் பிள்ளைக்குப் பருத்தி இருக்கிறது. உணவு விடுதிப் படிப்பில் சேர்ப்பதாயின், புலால் சமைக்காமல் பயிற்சியை முடிக்க இயலுமா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்தபின் கண்ணீர் விட்ட பிள்ளையை யான் அறிவேன். மின்பணி, குளிர்பதனம், படவரைவு, அச்சு, மின்னணுவியல், கணினி எனத் தடையற்ற துறைகள் ஏராளம். சென்னை தரமணியில் அச்சுத் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுக் கல்வி நிறுவனம் உள்ளது. ஏட்டுச்சுவடிகளைக் காத்து வந்த சமுதாயத்தின் பிள்ளை ஒருவன் அங்கே பயின்றால், பகவான் சொன்ன மசித் தொழிலும் சிற்பத் தொழிலும் அவனிடத்தில் ஒன்றாகும். பிளஸ் டூ முடித்தவர்க்கு மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இயங்கி வருகிறது. நம் ஜினாலயங்களைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஸ்தபதியைத் தேடி அலைகிறோமே, நம்மில் ஒரு பிள்ளை ஏன் அங்கே செல்லக் கூடாது?

பெண் குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். பிராமிக்கு எழுத்தும் சுந்தரிக்கு எண்ணும் கற்பித்த தந்தையின் வழிவந்தவர்கள் நாம். சீவகசிந்தாமணியில் சச்சந்தன் தச்சனைக் கொண்டு மயிற்பொறி செய்வித்த இடம் உங்களுக்கு நினைவிருக்கும். பொறியைச் செய்வித்ததோடு அவன் அமையவில்லை. அதை இயக்கும் முறையைக் கருவுற்றிருந்த விசயைக்குக் கற்பித்தான். நாடு பறிபோன அன்று அந்த எந்திரக் கல்வியே அவளையும் வயிற்றில் இருந்த சீவகனையும் காத்தது. திருத்தக்கதேவர் காட்டிய அரசிக்குப் பொருந்திய கல்வி நம் மகளுக்குப் பொருந்தாதா? மகளிருக்கெனத் தனி அரசு ஐடிஐ-க்கள் கிண்டி உள்ளிட்ட இடங்களில் உள்ளன. ஆண்களுக்கு நாற்பது என வயது வரம்பு வைத்த அரசு, பெண்களுக்கு உச்ச வரம்பே வைக்கவில்லை. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்ட தாய்மாரும் சேரலாம்.

இனி அறங்காவலர் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் இதே மேடையில் பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூ-விலும் மிகுதியான மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசு தருகிறோம். பட்டப்படிப்புக்கு உதவித்தொகையும் தருகிறோம். அவ்வுதவிக்கான விண்ணப்பப் படிவத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். ‘பயிலும் படிப்பு’ என்ற இடத்தில் கலை, அறிவியல், வணிகவியல், பொறியியல், மருத்துவம் என்று அச்சிடப்பட்டுள்ளது. பட்டயப் படிப்பு இல்லை, ஐடிஐ இல்லை. யாரும் வேண்டுமென்று விட்டதன்று. நாம் எதை எண்ணிப் பார்க்கவில்லையோ அது அச்சிலும் ஏறவில்லை. ஆனால் ஐடிஐ-யில் படிக்கும் நம் பிள்ளை ஒருவன் அப்படிவத்தைக் கையில் வாங்கும்போது, இச்சமுதாயத்தின் கணக்கில் தான் இல்லை என்றே அறிந்துகொள்வான். அடுத்த அச்சில் அவ்விரண்டையும் சேர்க்க வேண்டுகிறேன். அடுத்த ஆண்டு இம்மேடையில், தொழிற்பிரிவில் முதலிடம் பெறும் மாணவன் ஒருவனுக்கும் மாணவி ஒருத்திக்கும், மேல்நிலைத் தேர்வு பரிசுக்கு ஒரு ரூபாயும் குறையாத பரிசு வழங்க வேண்டுகிறேன். முதலாண்டுப் பரிசுத் தொகையை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன்.

பெற்றோர்க்கு இறுதியாகச் சில நடைமுறைச் செய்திகள். தேர்வு முடிவு வந்ததும் பாலிடெக்னிக், ஐடிஐ விண்ணப்பங்கள் இணையவழியில் அடுத்தடுத்துத் தொடங்கிவிடும். பிளஸ் ஒன் இடத்தை உறுதி செய்த பின் பார்க்கலாம் என்று காத்திருந்தால், விரும்பிய பிரிவு நிரம்பிவிடும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை இப்போதே தயார் செய்யுங்கள். 2014-இல் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். ஆகவே பள்ளிப் பதிவேட்டில் சமயம் என்னும் இடத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பாடு திருத்துவது பெரும்பாடு. தொழில்நுட்பப் படிப்புகளுக்குத் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் கல்விக்கடன் தருகிறது. விண்ணப்பத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் கேளுங்கள்.

முடிவு வெளியான பின் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முதல் நாங்கள் மூன்று ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதே மண்டபத்தில் அமர்ந்திருப்போம். என் பழைய மாணவராகிய அந்த ஐடிஐ பயிற்றுநரும் வருவதாக இசைந்துள்ளார். பிள்ளையை உடன் அழைத்து வாருங்கள். முதற்கேள்வியை அவனிடம்தான் கேட்போம்.